சுவருக்குப் பின்னால் இருப்பதை வரையாதே

மதுரைக்குக் கணினித் துப்பாக்கி விளையாட்டுகள் வரிசைப்படி வந்து சேரவில்லை. 1993-இல் வெளியான டூமும் 2000-இல் வெளியான ஐஜிஐயும் ஒரே சிடியில் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் கிடந்தன. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய சிடி, கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி, யாரோ ஒரு நண்பனின் அண்ணன் சென்னையிலிருந்து எழுதிக்கொண்டு வந்த சிடி என்று கைக்குக் கிடைத்ததை ஆடினோம். என் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு முதலில் அறிமுகமானது கவுண்டர் ஸ்ட்ரைக். அப்புறம் ஐஜிஐ. அதற்கும் அப்புறம்தான் ஒரு மழைநாளில் டூமைத் திறந்து பார்த்து, "என்னடா இது, ஆளுங்க எல்லாம் அட்டையில வெட்டி ஒட்டுன மாதிரி இருக்காய்ங்க" என்று மூடியது.

நான் மூடவில்லை. அந்த அட்டை ஆட்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் போய், இன்றுவரை அதிலிருந்து வெளியே வரவில்லை. கல்லூரியில் படித்த கணினி வரைகலைப் பாடத்தைவிட டூமின் சோர்ஸ் கோடை, அதாவது அதன் மூல நிரலை, படித்ததில் எனக்குப் புரிந்தது அதிகம். அப்படிப் படித்ததில் எனக்குத் தட்டுப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆடுகிறவனின் கண் வழியாகவே உலகத்தைக் காட்டும் இந்த வகை விளையாட்டு, வரையத் தெரிந்ததால் வளரவில்லை. எதை வரையாமல் விடலாம் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் கண்டுபிடித்ததால் வளர்ந்தது. அந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் கணினிகளில் இதில் ஒன்றுகூட ஓடியிருக்காது.

1973-க்குப் போவோம். கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இம்லாக் பிடிஎஸ்-1 என்ற கணினி இருந்தது. திரையில் கோடு மட்டும் போடத் தெரிந்த இயந்திரம். பரப்பை நிரப்பத் தெரியாது. ஸ்டீவ் காலி என்ற இளைஞர் அதில் ஒரு கனசதுரத்தைச் சுழலவிட்டுப் பார்த்திருந்தார். முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் சேர்ந்து தெரிந்தால் கனசதுரம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றே பிடிபடாது. மறைய வேண்டிய கோடுகளைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். அன்றைய கணினிக்கு அது பாரமான கணக்கு. அங்கிருந்துதான் புதிர்ப்பாதை யோசனை வந்தது. சுவர்கள் எல்லாம் செங்கோணத்தில் நிற்கட்டும், நடக்கிறவனும் 90 பாகை மட்டும் திரும்பட்டும் என்று வைத்துக்கொண்டால், எந்தச் சுவர் எதை மறைக்கும் என்பது சுலபமாகிவிடுகிறது. கணக்கைக் குறைப்பதற்காக உலகத்தையே சதுரமாக்கிவிட்டார்கள்.

தனியாக வழி தேடி நடப்பது சீக்கிரமே சலித்துவிட்டது. காலியும் அவருடைய கூட்டாளிகள் கிரெக் தாம்ப்சன், ஹோவர்ட் பால்மர் இருவரும் சேர்ந்து இரண்டு இம்லாக்குகளைக் கம்பியால் இணைத்தார்கள். ஒருவர் நடக்கும் பாதையில் மற்றவர் தெரிந்தார். ஆள் தெரிந்ததும் சுடுவதும் வந்துவிட்டது. 'மேஸ்' என்று பெயர். தாம்ப்சன் 1974-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது அதைக் கையோடு கொண்டுபோனார். அங்கே டேவ் லெப்ளிங் ஒரு பிடிபி-10 பெருங்கணினியில், எல்லாரையும் நடுவிலிருந்து இணைக்கும் சர்வர் புரோகிராம் எழுத, எட்டுப் பேர் வரை ஒரே பாதைக்குள் ஓடிப்பிடித்து ஆட முடிந்தது. இன்டர்நெட் என்ற சொல்லே பரவாத காலம் அது. ஆக, இந்த வகை விளையாட்டு பிறந்த கொஞ்ச நாளிலேயே பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டாகிவிட்டது. தனியாள் கதை, வசனம், சினிமாத்தனம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்டோ கணினிக்கும் 1977-இல் இது போய்ச் சேர்ந்தது. அங்கே ஆட்கள் பெரிய கண்விழிகளாகத் தெரிந்தார்கள். ஆடியவர்கள் எல்லாரும் புரோகிராமர்கள் அல்லவா, சிலர் புரோகிராமைத் திருத்தி, மற்றவர்கள் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் தெரியும்படி செய்துகொண்டார்கள். எழுதியவர்களுக்குக் கோபம் வந்து, சோர்ஸ் கோடையே சங்கேதமாக்கிப் பூட்டி வைத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

1980-களின் கடைசி வரை வேகமாகக் கடந்துவிடலாம். 1974-இல் ஜிம் பவரி, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளேட்டோ வலையமைப்பில் 'ஸ்பாசிம்' எழுதினார்; விண்வெளியில் 32 பேர் ஆடலாம். 1980-இல் அட்டாரி நிறுவனத்தில் எட் ராட்பெர்க் எழுதிய 'பேட்டில்ஸோன்' வந்தது. டாங்கிக்குள் உட்கார்ந்து பச்சைக் கோட்டு மலைகளையும் எதிரி டாங்கிகளையும் பார்க்கலாம். இதைப் பார்த்த அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மாதிரி செய்து கேட்டது. ராட்பெர்க் விருப்பமில்லாமல்தான் செய்து கொடுத்தார். 1981-82 வாக்கில் இங்கிலாந்தில் மால்கம் எவன்ஸ், இசட்எக்ஸ்81 என்ற சின்னஞ்சிறு கணினியில் 16 கிலோபைட் நினைவகத்துக்குள் ஒரு முழு டைனோசரை அடைத்தார். '3டி மான்ஸ்டர் மேஸ்' என்ற அந்த ஆட்டத்தில் கையில் துப்பாக்கி கிடையாது. ஓடத்தான் முடியும். கட்டம் கட்டமான கறுப்பு வெள்ளை எழுத்துருக்களால் செய்த டைனோசர்தான். ஆனால் அது நெருங்கி வருகிறது என்று திரையின் கீழே ஒரு வரி வந்தால் வயிற்றைக் கலக்கிவிடும். 1987-இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு 'மிடி மேஸ்' வந்தது. இசைக்கருவிகளை இணைப்பதற்காக அந்தக் கணினியில் வைத்திருந்த மிடி துளைகளை வைத்தே 16 கணினிகளை வளையமாகக் கோத்து ஆடினார்கள். இருப்பதை வைத்து வேலையை முடிக்கும் அந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, இப்போது டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் நகரில் சாஃப்ட்டிஸ்க் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ, டாம் ஹால், ஏட்ரியன் கார்மாக் நால்வரும் 1991 பிப்ரவரியில் தனிக்கடை போட்டார்கள். (இரண்டு கார்மாக்குகளும் உறவினர்கள் அல்லர். இனிமேல் கார்மாக் என்று சொல்வது புரோகிராம் எழுதிய ஜானைத்தான்.) பழைய முதலாளியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அவருக்குச் சில விளையாட்டுகள் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடனைத் தீர்க்கச் செய்தவற்றில்தான் கார்மாக் தன் சோதனைகளைச் செய்து பார்த்தார். 1991-இல் வந்த 'ஹோவர்டேங்க்'கில் சுவர்கள் வெறும் நிறம். அதே ஆண்டுக் கடைசியில் வந்த 'கேட்டகோம்ப் 3-டி'யில் சுவர்களில் கல்லும் பாசியும் ஒட்டிவிட்டார். திரையின் அடியில் ஆடுகிறவனின் கையும் தெரிந்தது. இன்றுவரை இந்த வகை விளையாட்டுகள் எல்லாவற்றிலும் திரைக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கைக்கு அதுதான் முன்னோடி.

சுவரில் படம் ஒட்டும் யோசனை, 'அல்டிமா அண்டர்வேர்ல்ட்' என்ற விளையாட்டைச் செய்துகொண்டிருந்த பால் நியூராத் ரொமேரோவிடம் சொல்லி, ரொமேரோ வழியாகக் கார்மாக்குக்கு வந்தது. அண்டர்வேர்ல்ட் 1992 மார்ச்சில் வெளியானது. அதில் சரிவான தரை உண்டு, மேலே அண்ணாந்து பார்க்கலாம், கீழே குனிந்து பார்க்கலாம். நுட்பத்தில் பார்த்தால் அது ஒரு படி மேலே. ஆனால் மெதுவாக நகரும். இரண்டு மாதம் கழித்து, 1992 மே 5 அன்று ஐடி வெளியிட்ட 'உல்ஃபன்ஸ்டைன் 3டி'யில் சரிவு கிடையாது, அண்ணாந்து பார்க்க முடியாது, தரைக்கும் கூரைக்கும் படம்கூடக் கிடையாது, ஒரே நிறம். அத்தனையையும் விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டார்கள். 286 என்ற பழைய வகைக் கணினியில் பறந்தது.

அது எப்படிப் பறந்தது என்று விளக்க எனக்கு மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. 985 தூண்கள். எல்லாம் கட்டம் போட்டது போல வரிசையாக நிற்கின்றன. நீங்கள் ஓர் இடத்தில் நின்று நேராகப் பார்த்தால், கண்ணிலிருந்து கிளம்பும் பார்வை முதல் தூணில் முட்டி நின்றுவிடும். அதே வரிசையில் அதன் பின்னால் எத்தனை தூண் இருந்தாலும் கண்ணுக்கு வேலை இல்லை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் இடைவெளி வழியாகப் பார்வை தூரம் போய் இன்னொரு தூணில் முட்டும். கார்மாக் செய்தது இதேதான். உல்ஃபன்ஸ்டைனின் உலகம் 64-க்கு 64 கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்தில் சுவர் இருக்கும் அல்லது இருக்காது. 320 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் உள்ள திரையில் 64,000 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டால் அந்தக் காலத்துக் கணினி படுத்துவிடும். அதனால் திரையின் அகலத்துக்கு மட்டும், அதிகம் போனால் 320 கோடுகளை, ஆடுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து அனுப்பினார். ஒவ்வொரு கோடும் கட்டம் கட்டமாகத் தாண்டிப் போய் முதல் சுவரில் முட்டும். முட்டிய தூரம் குறைவென்றால் அந்தப் பட்டையில் சுவர் உயரமாக வரும், தூரம் அதிகமென்றால் குட்டையாக வரும். அவ்வளவுதான். சுவர்கள் எல்லாம் ஒரே உயரம் என்பதால் மேலும் கீழும் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முட்டிய சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

போன கோடை விடுமுறையில் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுத் திருநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சி மகனோடு உட்கார்ந்து இதை எழுதிப் பார்த்தேன். சின்ன புரோகிராம்தான். வேண்டுமென்றே ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டு ஓடவிட்டேன். நேரான சுவர் திரையில் நடுவில் புடைத்து, இரண்டு ஓரத்திலும் சரிந்து நின்றது.

"மாமா, செவரு ஏன் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிது?"

"நீயே சொல்லு. நடுக்கோடு எவ்வளவு தூரம் போகுது, ஓரக்கோடு எவ்வளவு தூரம் போகுது?"

தாளில் வரைந்து பார்த்தான். எதிரே இருக்கும் நேர்ச்சுவரில் நடுக்கோடு செங்குத்தாக முட்டுகிறது. ஓரக்கோடு சாய்வாகப் போவதால் கூடுதல் தூரம் போய் முட்டுகிறது. தூரம் கூடினால் சுவர் குட்டையாகும். நமக்கு வேண்டியது கோடு போன தூரமல்ல, சுவருக்கும் நாம் நிற்கும் தளத்துக்கும் இடையிலான நேர்த்தூரம். செங்கோண முக்கோணம், கர்ணம், அடுத்துள்ள பக்கம். "கோசைன்!" என்று கத்தினான். கோணத்தின் கோசைனால் தூரத்தைப் பெருக்கும் அந்த ஒரு வரியை அவனே எழுதினான். சுவர் நேரானது. கலங்கரை விளக்கத்தின் உயரத்தையும் கப்பலின் தூரத்தையும் கண்டுபிடிக்கச் சொல்லி வருடம் முழுக்கக் கொன்ற பாடம், இரண்டு வினாடியில் கண் முன்னால் சுவரை நிமிர்த்தியதைப் பார்த்த அவன் முகம் எனக்கு மறக்காது. முக்கோணவியலை எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

உல்ஃபன்ஸ்டைனில் படத்தில் மட்டும் சிக்கனம் இல்லை. 1981-இல் சைலஸ் வார்னர் எழுதிய பழைய 'கேஸில் உல்ஃபன்ஸ்டைன்' ஒளிந்து ஒளிந்து ஆடும் விளையாட்டு. அதே பாணியில் செத்த காவலாளியை இழுத்துப் போய் மறைப்பது முதலான வேலைகளை ஐடிகாரர்களும் முதலில் சேர்த்துப் பார்த்தார்கள். ஓடிச் சுடும் வேகத்துக்கு அது முட்டுக்கட்டையாக இருந்தது. எடுத்துவிட்டார்கள். விற்பனையிலும் ஒரு வழி இருந்தது: அப்போஜி நிறுவனத்தின் ஸ்காட் மில்லர் பரப்பிய ஷேர்வேர் முறை. முதல் எபிசோட் இலவசம், யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம், மிச்சம் வேண்டுமென்றால் பணம் அனுப்ப வேண்டும். கடைக்கே போகாமல் கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியது. பத்திரிகை சிடிகளில் அது எங்கள் ஊர் வரை வந்ததும் அந்த வழியில்தான்.

அடுத்து டூம். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

கட்டத்தாள் உலகம் கார்மாக்குக்குப் போதவில்லை. சாய்ந்த சுவர் வேண்டும், படிக்கட்டு வேண்டும், உயரமும் தாழ்வும் வேண்டும், அறைக்கு அறை வெளிச்சம் மாற வேண்டும். கட்டம் போய்விட்டால், எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்று எப்படித் தெரியும்? இதற்கு விடை ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்பே இருந்தது. ஃபக்ஸ், கெடெம், நெய்லர் மூவரும் 1980-இல் எழுதியது. ஒரு சுவரை எடுத்து இரண்டு பக்கமும் நீட்டினால் உலகம் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியையும் இன்னொரு சுவரால் மறுபடி பிரி. பிரித்துக்கொண்டே போனால் கிளை கிளையாக ஒரு மரம் கிடைக்கும். பிஎஸ்பி மரம் என்பார்கள். ஆடுகிறவன் எங்கே நின்றாலும், மேலிருந்து கீழே அந்த மரத்தில் இறங்கிக்கொண்டே 'நான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டால், கிட்டத்தில் இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது பிறகு என்று வரிசை தானாக வந்துவிடும். உல்ஃபன்ஸ்டைனை சூப்பர் நின்டெண்டோ என்ற டிவி விளையாட்டுக் கருவிக்கு மாற்றும்போது அந்தச் சின்னச் சிப்பில் வேகம் போதாமல் கார்மாக் இந்த முறையைக் கையில் எடுத்தார். அதே மரம் டூமுக்கும் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. டூம் கிட்டத்துச் சுவரிலிருந்து வரையத் தொடங்கும். திரையின் எந்தப் பட்டை முழுச்சுவரால் நிரம்பிவிட்டது என்று குறித்துக்கொண்டே வரும். எல்லாப் பட்டைகளும் நிரம்பியதும் நிறுத்திவிடும். மரத்தில் இன்னும் நூறு சுவர் மிச்சம் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. மரத்தை உருவாக்கும் பெரிய வேலையை லெவல் செய்யும்போதே முடித்துக் கோப்பில் வைத்துவிடுவார்கள். அதனால்தான் 386 கணினியும் 4 எம்பி நினைவகமும் போதுமாக இருந்தன. விட்டுக்கொடுத்ததும் இருக்கிறது: ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வர முடியாது, அண்ணாந்து பார்க்க முடியாது. மேலே திண்டில் நிற்கிறவனைச் சுட, நேராகச் சுட்டாலே குண்டு ஏறிப் போய்விடும். எதிரிகள் தட்டைப் படங்கள்தான். ஆனால் சிலவற்றுக்குக் களிமண்ணில் பொம்மை செய்து, எட்டுத் திசையிலிருந்து படம் பிடித்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு அட்டை ஆட்களாகத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். முதல் எபிசோடில் விளக்கு விட்டு விட்டு எரியும் ஓர் இருட்டு வளைவு வரும். அதில் தூரத்து உறுமலைக் கேட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். அட்டை என்ற நினைப்பே வராது.

1993 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஏற்றினார்கள். காத்திருந்த கூட்டத்தில் ஏற்றுகிறவர்களுக்கே உள்ளே நுழைய இடமில்லாமல் போனது. நால்வர் வரை நெட்வொர்க்கில் ஒருவரையொருவர் சுட்டு ஆடலாம். 'டெத்மேட்ச்' என்ற பெயர் ரொமேரோ வைத்தது. முதல் பதிப்பு எல்லாத் தகவலையும் நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிக்கும் கத்திச் சொல்லும்படி எழுதப்பட்டிருந்ததால் கல்லூரிகளின் நெட்வொர்க்குகள் திணறின. பல இடங்களில் தடையே போட்டார்கள். ஆனால் பின்னால் வந்ததற்கெல்லாம் விதை வேறொரு முடிவில் இருக்கிறது. லெவல், படம், சத்தம் எல்லாவற்றையும் புரோகிராமிலிருந்து பிரித்து 'வாட்' என்ற கோப்பில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் புதிய லெவல் செய்யலாம். 1997 டிசம்பரில் சோர்ஸ் கோடையும் வெளியே விட்டார்கள். அதைத்தான் நான் கல்லூரி விடுதியில் அச்செடுத்துப் படித்தேன்.

1996 ஜூன் 22 அன்று ஐடியிடமிருந்து வந்த 'குவேக்' விளையாட்டில் எல்லாம் முழு முப்பரிமாணம். அறைக்கு மேல் அறை, பாலிகன் என்ற பலகோணத் துண்டுகளால் செய்த எதிரிகள், எந்தப் பக்கமும் பார்க்கலாம். அதற்குக் கொடுத்த விலை அதிகம், கணக்கு எகிறியது. இங்கே சிக்கனம் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று, ஓர் இடத்தில் நின்றால் மற்ற எந்தெந்த இடங்கள் கண்ணுக்குப் பட வாய்ப்புண்டு என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து லெவலோடு சேர்த்து வைத்துவிடுவது. அந்தப் பட்டியலில் இல்லாத அறையை ஆட்டத்தின்போது தொடவே மாட்டார்கள். மேப் செய்கிறவர்கள் நீளமான வழியில் ஒரு வளைவு, நடுவில் ஒரு கதவு என்று வைப்பது அழகுக்கு மட்டுமல்ல, இந்தப் பட்டியலைக் குட்டையாக்கவும்தான். இன்னொன்று, ஐடியில் கார்மாக்கோடு வேலை பார்த்த மைக்கேல் ஏப்ரஷின் கைவேலை. சாய்ந்த சுவரில் படத்தைச் சரியாக ஒட்ட, புள்ளிக்குப் புள்ளி வகுத்தல் கணக்கு வேண்டும். வகுத்தல் மெதுவானது. அவர் 16 புள்ளிக்கு ஒருமுறை மட்டும் வகுத்தார். பெண்டியம் சிப்பின் ஒரு பகுதி அந்த வகுத்தலைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றொரு பகுதி முந்தைய 16 புள்ளிகளை வரைந்து முடித்துவிடும். ஒரு நொடி சும்மா நிற்பதில்லை. அதனால்தான் தசமக் கணக்கில் மெதுவான சைரிக்ஸ் சிப்புகளில் குவேக் தடுமாறியது.

அதே ஆண்டு டிசம்பரில் குவேக்கை இன்டர்நெட்டில் ஆடுவதற்காகக் கார்மாக் 'குவேக்வேர்ல்ட்' கொடுத்தார். மோடத்தில் ஆடும்போது நீங்கள் பட்டனை அழுத்தி, அது சர்வருக்குப் போய்த் திரும்பி வந்து, அப்புறம் நகர்ந்தால் சேற்றில் நடப்பதாக இருக்கும். உங்கள் கணினியே 'இப்படித்தான் நகர்ந்திருப்பாய்' என்று ஊகித்து உடனே நகர்த்திவிடும்; சர்வர் வேறு சொன்னால் பிறகு திருத்திக்கொள்ளும். இன்று நாம் ஆன்லைனில் ஆடும் எல்லாத் துப்பாக்கி விளையாட்டிலும் இந்த ஊகம் இருக்கிறது.

குவேக்கின் எஞ்சினை, அதாவது அதை ஓட்டும் அடிப்படைப் புரோகிராமை, வாங்கித் திருத்தி வால்வ் நிறுவனம் 1998 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப்' வெளியிட்டது. அதன்மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-இல் 'மாட்' ஆக, அதாவது இருக்கும் விளையாட்டை மாற்றி, செய்ததுதான் கவுண்டர் ஸ்ட்ரைக். மதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் இருந்தது நாங்கள் போன பிரவுசிங் சென்டர். இருட்டான படிக்கட்டு, மேலே பிளைவுட் தடுப்பு வைத்த வரிசை, சுவரோரமாக ஆணியடித்துத் தொங்கவிட்ட நீல லேன் கேபிள், மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் ஹப். உட்கார்ந்ததும் முதல் வேலை மவுஸைத் திருப்பி, மூடியைச் சுழற்றி, உருண்டையை வெளியே எடுப்பது. உள்ளே இரண்டு சின்ன உருளையில் கறுப்பு அழுக்கு வளையமாகப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். அதைச் சுரண்டாமல் ஆடினால் குறி ஒரு பக்கம் இழுக்கும், செத்தோம். இரண்டாவது வேலை வீடியோ செட்டிங். சாஃப்ட்வேர், ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி என்று மூன்று இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் 'சாஃப்ட்வேர்' வைத்தால்தான் ஓடும். அங்கே இருந்த அண்ணன் எல்லா மெஷினிலும் அதையே வைத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருந்தது குவேக்குக்காகக் கார்மாக்கும் ஏப்ரஷும் எழுதிய, திரையில் வரையும் முறையின் வழித்தோன்றல் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வேறொரு கண்டத்தில் ஒருவர் ஒரு வகுத்தலை மிச்சம் பிடித்ததால், கோரிப்பாளையத்துப் பழைய பெண்டியத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் டஸ்ட்2 மேப் ஓடியது.

"மாப்ள, லாங்ல ரெண்டு பேரு வர்றாய்ங்கடா!" "டன்னல பாத்துக்கங்கடா!" என்று தடுப்புக்கு மேலே சத்தம் பறக்கும். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, முடியப் போகும்போது "அண்ணே, இந்த ரவுண்டு மட்டும்ணே" என்று கெஞ்சுவோம். பெரும்பாலும் விட்டுவிடுவார்.

ஐஜிஐ வேறு கதை. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் 2000-இல் செய்தது. அவர்கள் அதற்கு முன்னால் போர்விமான விளையாட்டு செய்தவர்கள். அந்த எஞ்சினையே இதற்கும் பயன்படுத்தினார்கள். அதனால்தான் மலைமேல் படுத்துக்கொண்டு பைனாகுலரில் தூரத்து ராணுவ முகாமை அப்படி நிதானமாகப் பார்க்க முடிந்தது. நடுவில் சேமிக்கும் வசதி கிடையாது. கடைசிக் கதவில் செத்தாலும் மிஷன் முதலிலிருந்து. நெட்வொர்க்கில் ஆட முடியாது. இந்தக் குறைகளைச் சொல்லி வெளிநாட்டில் மட்டமாக மதிப்பிட்டவர்கள் உண்டு. வீட்டில் ஒரே கணினி, இன்டர்நெட் இல்லை என்ற நிலையில் இருந்த எங்களுக்கு அது ஒரு கோடை முழுக்கக் காணும். எந்தக் கோபுரத்தில் காவலாளி, எந்தக் கேமரா எந்தப் பக்கம் திரும்பும் என்று மனப்பாடமாகத் தெரிந்த பையன்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

ஜெராக்ஸ்காரர்களின் திருட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வரையாமல் விடுவதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நிற்கிறவனை உங்கள் திரை காட்டாது. ஆனால் அவன் அங்கே நிற்கிறான் என்ற தகவல் உங்கள் கணினிக்கு வந்துவிட்டது. அவன் சட்டென்று வெளியே வந்தால் காட்ட வேண்டுமே. அந்தத் தகவலை நோண்டி எடுத்தால் சுவரைத் தாண்டிப் பார்க்கலாம். 'வால்ஹேக்' என்பது இதுதான். 2001-இல் ஏசுஸ் நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமிலேயே சுவரைக் கண்ணாடியாக்கும் வசதியைக் கொடுக்க, ஆடுகிறவர்களிடம் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. எங்கள் சென்டரில் நடந்த திருட்டு, தடுப்புக்கு மேலே எக்கிப் பக்கத்து ஆள் திரையைப் பார்ப்பது. அண்ணன் இன்னொரு முழம் பிளைவுட் ஏற்றி அடித்தார்.

2020-இல் வந்த 'வேலரண்ட்' என்ற ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் இதற்குத் தீர்வை சர்வரிலேயே வைத்தார்கள். எதிரி கண்ணில் படப் போகும் தருணத்துக்குச் சற்று முன்பு வரை, அவன் எங்கே இருக்கிறான் என்பதையே உங்கள் கணினிக்கு அனுப்புவதில்லை. முன்பு வரையாமல் விட்டார்கள், இப்போது சொல்லாமலே விடுகிறார்கள். நோண்டினாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. சிக்கல் அந்தச் 'சற்று முன்பு' எவ்வளவு என்பதில் இருக்கிறது. ரொம்பத் தாமதித்து அனுப்பினால் எதிரி மூலையில் திடீரென்று முளைப்பான். ரொம்ப முந்தி அனுப்பினால் திருடுகிறவனுக்கு மறுபடி வாசல் திறந்துவிடும்.

தங்கச்சி மகன் வேலரண்ட் ஆடுகிறவன். இதைச் சொன்னதும், "மாமா, நம்ம புரோகிராம்ல ரெண்டாவது ஆள விட்டா இதையும் செய்யலாம்ல?" என்றான். செய்யலாம். இரண்டு லேப்டாப், வீட்டு வைஃபை, ஒன்றை சர்வராக வைத்துக்கொண்டால் போதும். ஓர் ஆள் நிற்கும் இடத்திலிருந்து மற்றவன் நிற்கும் இடத்துக்கு ஒரு கோட்டை அனுப்பி, நடுவில் சுவர் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முட்டினால் இடத்தைச் சொல்லாதே. அந்தக் கோட்டை அனுப்பும் பகுதியைக் கோடை விடுமுறையிலேயே எழுதி வைத்துவிட்டோம்.